கைச்சாத்து வாங்கிவிட்டால் சம்மதமாகுமா?

சில தொழில்களின் பெயரை உச்சரிப்பதே பாவமென்று எண்ணும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்கள் இக்கட்டுரையைக் கண்டு முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும். யாம் பேசப்புகுவது தொழிலின் பெருமையைப் பற்றியன்று; அத்தொழிலுக்கு ஆள் பிடிக்கும் முறையைப் பற்றி. ஆள் பிடிக்கும் முறையைப் பற்றி நம் ஜனங்களை விட நன்கறிந்தவர் யார்?

காமப் படங்களிலே ஒரு கிளையுண்டு. பாதம், கையுறை, தோலாடை, கயிற்றுக் கட்டு என ஏதேனும் ஒன்றிலே மட்டும் மோகங்கொண்ட சிலருக்கென்றே எடுக்கப்படும் படங்கள் அவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆபாசப் படம் எடுப்பதும் விற்பதும் குற்றம். அமெரிக்காவிலும் ஜப்பானிலுமோ வயது வந்தோரைக் கொண்டு இவற்றை எடுப்பது, சில வரையறைகளுக்கு உட்பட்டு, சட்டம் அனுமதிக்கும் வியாபாரம். நடிப்பவர்களிற் பலர் அந்த மோகம் உடையவர்களல்லர், கூலிக்கு வருபவர்கள். இங்கேதான் வஞ்சனை நுழைகிறது. பாதரட்சை விளம்பரமென்று சொல்லி ஒரு பெண்ணை அழைத்து, அவள் பாதங்களைப் படமெடுத்து, அதனை மோகங்கொண்டோருக்கு விற்றால் அவளுக்கு என்ன நஷ்டம், ஆடைகூடக் களையவில்லையே என்று கேட்பாருமுளர். தன் உருவம் எதற்காக, எவர் கண்ணுக்காக விற்கப்படுகிறது என்பதை அறியும் உரிமையை அவளிடமிருந்து திருடியது நஷ்டமன்றோ? ஆடை களைந்ததா இல்லையா என்பது ஆபாசத்தை அளக்கும் கோல். அக்கிரமத்தை அளக்கும் கோல் வேறு.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். அது தனிமோகப் படமன்று, சாதாரணக் காமப் படமே. ஆயினும் ஆள் பிடித்த விதம் ஒன்றே. ஆடையணிந்து நிற்கும் மாடல் வேலையென்று விளம்பரம் செய்து இளம்பெண்களை வருவித்தார்கள். வந்தபின் வேலை வேறென்றார்கள். படம் அயல்நாட்டிலே வட்டுகளாக மட்டும் விற்கப்படும், இணையத்திலே வராது என்று வாக்களித்தார்கள். ஐயுற்ற பெண்களுக்கு, ‘நானும் நடித்தேன், ஒரு தீங்குமில்லை’ என்று சொல்ல வேறு பெண்களைக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். எழுதப்பட்ட ஒப்பந்தத்தை ஊன்றிப் படிக்க அவகாசமின்றிக் கைச்சாத்து வாங்கினார்கள். படங்கள் இணையமெங்கும் பரவின. பெற்றோர் கண்டனர், சிநேகிதர் கண்டனர். 22 பெண்கள் வழக்குத் தொடுத்தனர். 2020 ஜனவரியில் நீதிபதி ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் டாலர் நஷ்டஈடு அளித்து, படங்களின் உரிமையையும் பெண்களுக்கே ஆக்கினார். தலைமை வகித்தவன் நாட்டைவிட்டோடி, 2022இல் ஸ்பெயினில் பிடிபட்டு, 2025இல் 27 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றான்.

கூலி கொடுத்துச் சாட்சி சொல்ல வைத்த அந்தப் பகுதியை வாசிக்கையில் தோட்டத்துத் தோழர்களுக்கு எவன் முகம் நினைவுக்கு வருகிறது? தங்கமோதிரமும் சரிகை வேட்டியுமாக ஊருக்குத் திரும்பி, ‘மலாயாவிலே மரத்தடியில் பணம் காய்க்கிறது’ என்ற கங்காணியின் முகமல்லவா? கைரேகை வைத்துக் கப்பலேறிய நம் பாட்டன்மார் சம்மதித்துத்தானே வந்தார்கள் என்று அன்றைய துரைமாரும் சொன்னார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. கங்காணிமுறையோ 1938இல் இந்திய அரசாங்கம் தடைவிதிக்கும்வரை நடந்தது. ஆளுக்கு இவ்வளவென்று தலைக்காசு வாங்குபவன் உண்மை பேசுவானென எதிர்பார்ப்பது பேதைமை.

ஜப்பான் இதனை நன்கு உணர்ந்தது போலும். 2022 ஜூனில் அந்நாடு இயற்றிய சட்டம், இத்தகைய படங்களில் நடிப்போருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் விளக்கத்தையும் கொடுத்து ஒரு மாதம் கழியும்வரை படம் பிடிக்கலாகாது என்கிறது. பிடித்தபின் நான்கு மாதம் கழியும்வரை வெளியிடலாகாது. வெளியிடுமுன் நடித்தவருக்குப் பார்க்க வாய்ப்பளிக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தாலும் ஒரு செயலைச் செய்யமாட்டேனென்று மறுக்கலாம். மறுத்தவரிடம் நஷ்டஈடு கேட்கலாகாது. வெளியான பிறகும் ஓராண்டுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை முறிக்கலாம். காத்திருக்கும் காலத்தினால் வேலை குறைந்தது, எங்களைக் கேளாமலே சட்டஞ்செய்தனர் என்று நடிப்போரிலேயே பலர் முறையிட்டனர். அம்முறையீடு அலட்சியம் செய்யத்தக்கதன்று; தொழிலாளியைக் கேளாமல் தொழிலாளிக்குச் சட்டம் செய்வது பழைய துரைத்தனமே. ஆயினும் கைச்சாத்துக்கும் படப்பிடிப்புக்கும் நடுவே வீட்டுக்குப் போய் யோசிக்க நாட்கள் வேண்டுமென்ற கொள்கையை யாம் விடமாட்டோம்.

‘இவ்வளவும் சொன்னால் எவள் வருவாள்?’ என்று முதலாளி கேட்கிறான். அக்கேள்வியே அவன் குற்ற வாக்குமூலம். எந்த மோகத்துக்கான படம், எங்கே விற்கப்படும், எவ்வளவு கூலி, எதுவரை செய்ய இசைவு, எது கூடாது என்பதை முன்னரே எழுதி, வயதுச்சான்று பார்த்து, துணைக்கு ஒருவரை அழைத்துவர இடமளித்து நடத்துபவனுக்கும் ஆட்கள் கிடைக்கிறார்கள். கயிற்றுக் கட்டுப் படமெடுப்போரிடையே ஒரு நல்ல வழக்கமுண்டு: முன்கூட்டியே ஒரு சொல்லைக் குறித்துக்கொள்கிறார்கள், கட்டுண்டவர் அச்சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் யாவும் நிற்க வேண்டும். எத்தனையோ கண்ணியமான தொழிற்சாலைகளில் இயந்திரத்தை நிறுத்தத் தொழிலாளிக்கு அவ்வளவு அதிகாரமில்லை.

ஒழுக்கம் பேசும் பெரியோருக்கு ஒரு கேள்வி. ‘அந்தத் தொழிலுக்குப் போனவளுக்கு நியாயம் எதற்கு?’ என்கிறீர்கள். சான் டியாகோவில் அந்த வஞ்சகர்கள் நம்பியிருந்ததும் உங்களுடைய அந்த வார்த்தையைத்தானே? வெட்கத்தினால் வாய்திறக்கமாட்டார்கள் என்ற துணிவிலேதான் அவர்கள் வியாபாரம் பல்லாண்டு செழித்தது. படங்களின் உரிமை தங்களுடையதென்ற தீர்ப்பைப் பெற்றபின்னும், அப்பெண்கள் தம் படங்களின் பிரதிகளை ஒவ்வொரு தளமாகத் தேடி நீக்கச்சொல்லி எழுத வேண்டியதாயிற்று.