வேஷம் கலைந்த பிறகு



வாள் பிடித்த பெண்ணை டிவியில் பார்க்க எனக்கும் ஆசைதான். 2009இல் ஜீ டிவியில் ‘ஜான்சி கி ராணி’ வந்தது. வங்கியில் தினம் கணக்குப் பார்க்கிறவன் நான். இங்கேயும் ஒரு கணக்குக் கேட்கிறேன்.

1858 ஜான்சி முற்றுகையில், ராணி தப்பிக்க வேண்டி, ராணி வேஷத்தில் வெள்ளைக்காரன் முன்னால் போய் நின்றவள் கோரி சாதிப் பெண் ஜல்காரிபாய் என்று புந்தேல்கண்ட் தலித் மக்கள் சொல்லிவருகிறார்கள். 2001இல் தபால்தலைகூட வந்தாச்சு.

அவளை ராணியின் விசுவாசத் தோழியாக ரெண்டு காட்சியில் முடித்தால் அது மோசமான எழுத்து. கேடயத்துக்குப் பசி கிடையாது, பயம் கிடையாது. மனுஷிக்கு உண்டு. அவள் யாருக்காக மட்டுமல்ல, எதற்காகச் சண்டை போட்டாள் என்று கேட்கிற எழுத்தில்தான் வீராங்கனை பிறக்கிறாள்.

வேஷம் கலைந்த பிறகு அவள் யார்? அந்தக் காட்சியை நாமதான் எழுதணும்.