சீருடைக்குள் ஒரு தொழிலாளி

சமாதான காலத்தில் எஞ்சின் ஓட்டுபவனும், தண்டவாளம் பதிப்பவனும், சமிக்ஞைக் கம்பியைப் பழுதுபார்ப்பவனும் யுத்தம் வந்ததும் இராணுவச் சீருடை அணிந்து அதே தொழிலைச் செய்ய வேண்டும். இந்தியப் புகையிரதப் பொறியியற் படைப்பிரிவுகளின் அடிப்படை இதுவே. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பெற்று, 1949 ஒக்டோபர் 9ஆம் திகதி கவர்னர் ஜெனரல் இராஜகோபாலாச்சாரியாரால் தொடக்கிவைக்கப்பெற்ற பிரதேசப் படையின் ஒரு கூறு அவை. ஆறாக இருந்த அப்பிரிவுகளுள் ஐந்தைக் கலைத்து, ஜமால்பூர்ப் பிரிவை மாத்திரம் வைத்துக்கொள்ள அண்மை ஆண்டுகளில் இந்திய அரசு தீர்மானித்தது. கலைந்து போகும் படையைப் பற்றி நமக்கென்ன என்று வாளாவிருத்தல் தகாது. அப்படை எழுப்பிய வினா நம் வாசலிலும் நிற்கின்றது.

எண்ணம் நல்ல எண்ணமே. பாலம் கட்டவும் பாதை திருத்தவும் நிரந்தரப் பட்டாளம் ஒன்றைத் தீனி போட்டு வளர்ப்பது பெருஞ் செலவு. நாள்தோறும் தண்டவாளத்தோடு பழகிய கையே நெருக்கடியில் நம்பத்தக்க கை. சேவை முடிந்து திரும்புபவனுக்குப் பழைய உத்தியோகத்தை முதலாளி மீண்டும் கொடுத்தேயாக வேண்டுமென்றும் சட்டம் காவல் செய்திருக்கின்றது. புகையிரத ஊழியரின் தீரத்தைப் பற்றியோ ஐயமில்லை. 1965 யுத்தத்தில், இராஜஸ்தானத்து எல்லையிலுள்ள கத்ரா ரோட்டில் விமானத் தாக்குதலுக்கிடையே கடமை செய்து உயிர் கொடுத்த 17 புகையிரத ஊழியருக்கு அங்கே நினைவுச் சின்னம் நிற்கின்றது.

ஆனால், சட்டப் புத்தகத்தின் அடுத்த ஏட்டையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். தொண்டர் படையாகத் தொடங்கியது, 1952ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அரசாங்க ஊழியர்களையும் பொதுப் பயன்பாட்டுச் சேவை ஊழியர்களையும் கட்டாயமாக அழைக்கவும் இடமளித்தது. படையின் கடமைகளுள், இயற்கை அழிவுகளின்போது உதவுதலோடு, அத்தியாவசிய சேவைகளை நடத்துதலும் சேர்ந்து நிற்கின்றது. வெள்ளமும் அத்தியாவசிய சேவைக்கு இடையூறு, வேலைநிறுத்தமும் இடையூறு. இரண்டையும் ஒரே சொற்றொடரால் மூடிவிட்டால், எது எதுவெனத் தீர்மானிப்பவர் யார்? வேலைநிறுத்தம் செய்யப்பட்டவராகிய அரசாங்கமே!

1974 மே மாதத்தில் இது வெறும் ஏட்டுத் தர்க்கமாக இருக்கவில்லை. போனஸ், எட்டு மணி நேர வேலை, நியாயமான சம்பளம் என்ற கோரிக்கைகளுடன் ஏறத்தாழ 17 இலட்சம் ஊழியர் 8ஆம் திகதி முதல் 27ஆம் திகதி வரை வேலைநிறுத்தம் செய்தனர். தலைவர் ஜோர்ஜ் பெர்னாண்டஸ் அதற்கு முன்னரே சிறைப்பிடிக்கப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் மறியலுக்குச் சென்றனர். குடும்பங்கள் புகையிரதக் குடியிருப்புகளிலிருந்து வெளியே தள்ளப்பட்டன. வண்டிகளை ஓட்டப் பிரதேசப் படையும் அழைக்கப்பட்டது.

இங்கே ஒரு கணம் நின்று சிந்திப்போம். படையில் பெயர் பதிந்த தொழிலாளி நேற்றுவரை தொழிற்சங்க அங்கத்தவன். கைத்தொழிற் பிணக்குகள் பற்றிய சட்டமே அவனுக்குரிய சட்டம். சேவைக்கு அழைத்து ஒரு கட்டளை பிறந்ததும் அவன் இராணுவச் சட்டத்துக்கு ஆளாகின்றான். அவனுடைய தோழன் வேலைக்கு வர மறுத்தால் அது வேலைநிறுத்தம்; அவன் மறுத்தாலோ இராணுவ நீதிமன்றம்! தேசத்தைக் காக்கவென்று கையொப்பமிட்டவன் தன் சகோதரனின் அடுப்பை அணைக்க ஏவப்படுகின்றான். போனஸ் கேட்டது அக்கிரமமென அன்று முழங்கிய டில்லி, 1979இல் புகையிரத ஊழியருக்குப் போனஸ் வழங்கிற்று என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

"வண்டி நின்றால் விளைவித்தவன் கதி யாது?" எனக் கமக்காரர் கேட்பர். கேட்பது நியாயமே. வெங்காயமும் மிளகாயும் சாக்கில் அழுகும்போது தொழிற்சங்க நியாயம் வயிற்றை நிரப்பாது. புகையிரதம் இல்லாத வாழ்வை நம்மைவிட அறிந்தவர் யார்? 1990இல் நின்ற வண்டி யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது 2014இல். இடைக்காலத்தில் தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. ஆயினும், வண்டி ஓடவேண்டுமென்பதற்கும் துப்பாக்கி முனையில் ஓடவேண்டுமென்பதற்கும் வேறுபாடுண்டு. உடனடி மத்தியஸ்தம் ஒன்றே கமக்காரனையும் தொழிலாளியையும் ஒருங்கே காக்கும்.

அயல்நாட்டுக் கதையென்று தள்ளுவோருக்கு இரண்டு சொல்வோம். இந்தியப் படை 1987 முதல் 1990 வரை நம் மண்ணில் நடத்திய 'பவான்' நடவடிக்கையில் பிரதேசப் படையினரும் பங்குகொண்டனர். எந்தத் தேவைக்கென்று பெயர் பதிந்தவன் எந்த வயல் வரம்பில் வந்து நிற்பான் என்பதை அவனும் அறியான், நாமும் அறியோம். மற்றது நம் அரசின் கைவண்ணம். 1979இன் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000இற்கு மேற்பட்டோர் அவசரகால விதிகளின் கீழ், பதவியைத் தாமே துறந்தவராகக் கருதப்பட்டு வீதிக்கு வந்தனர். சிங்களவரும் தமிழரும் அப்பட்டியலில் ஒன்றாகவே நின்றனர்.

ஆகவே நாம் கேட்பது இது. தொண்டர் படைக்கும் துணைப்படைக்கும் உரிய எச்சட்டத்திலும் தொழிற்பிணக்கின் பொருட்டு அவற்றை அழைத்தலாகாது என வெளிப்படையாக எழுதப்படுதல் வேண்டும். வெள்ளம், புயல், யுத்தம் என எக்காரணத்துக்கு அழைப்பினும், காரணமும் கால எல்லையும் கூறிப் பாராளுமன்றத்தின் முன் வைத்தல் வேண்டும். தன் சொந்தத் திணைக்களத்தில் வேலைநிறுத்தம் செய்வோரின் வேலையைச் செய்யுமாறு எந்தத் துணைப்படை வீரனுக்கும் கட்டளையிடலாகாது. இட்டால், மறுப்பது குற்றமாகாது. நம் பாராளுமன்ற உறுப்பினர் அத்தியாவசிய சேவைப் பிரகடனம் அடுத்த முறை சபைக்கு வரும்போது இம்மூன்றையும் திருத்தமாகப் பிரேரிக்கட்டும்.