சபையில் அளிக்கப்படும் பதில் யாரைக் கட்டுப்படுத்தும்?

பாராளுமன்ற அமர்வு நாட்களில் வாய்மூல விடைக்கான வினாக்களுக்கென நேரம் ஒதுக்கப்படுகின்றது. உறுப்பினர் தமது வினாவை எழுப்புவார். அமைச்சர் எழுந்து, விடையளிப்பதற்கு இரண்டு வாரகால அவகாசம் வேண்டுமென்பார். இல்லையேல், விடை நீளமானது, சபாபீடத்தில் சமர்ப்பிக்கின்றேன் என்பார். வினா பாதுகாப்பையோ, படையினர் வசமுள்ள காணிகளையோ, தடுப்புக்காவலில் உள்ளோரையோ தொடுவதாயின் "தேசிய பாதுகாப்பு" என்ற இரு சொற்களோடு விடயம் முடிவுக்கு வந்துவிடுவதும் உண்டு. தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் எழுப்பும் வினாக்களில் கணிசமானவை இவ்வகையைச் சேர்ந்தவையாதலால், இந்தச் சம்பிரதாயத்தின் சுமை நமது வாசகர்களின் வீட்டு வாசல் வரை வந்து சேருகின்றது.

பதில் கிடைக்காமை பற்றிப் பலரும் பேசியாயிற்று. பதில் கிடைத்த பின்னர் அதற்கு என்ன நேர்கின்றது என்பதே நாம் இங்கு கேட்க விரும்பும் கேள்வி.

2021 பெப்ரவரி 10 ஆம் திகதியை எடுத்துக்கொள்வோம். கொவிட்-19 தொற்றினால் உயிரிழந்தோரின் உடல்கள் அனைத்தும் தகனம் செய்யப்பட வேண்டுமென 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் கட்டளையிட்டிருந்தது. நல்லடக்கம், தகனம் ஆகிய இரண்டுக்கும் இடமுண்டு என உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல் கூறியிருந்தும் அரசாங்கம் அசையவில்லை. அடிப்படை உரிமை மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசெம்பர் 1 ஆம் திகதி விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாட்களேயான பச்சிளங் குழந்தையின் உடலும் பொரளையில் எரியூட்டப்பட்டபோது, மயானத்தின் வாயிற்கதவில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தமது துயரத்தைத் தெரிவித்தனர். சமூக மருத்துவ நிபுணர்களின் கல்லூரி நல்லடக்கத்தால் ஆபத்தில்லை என்றது. பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழுவும் இரண்டுக்கும் இடமளிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. ஆனால், தீர்மானத்தில் மாற்றமில்லை என்பதே 2021 ஜனவரியில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி சபையில் வெளிப்படுத்திய நிலைப்பாடாக இருந்தது.

இந்நிலையில்தான் பெப்ரவரி 10 ஆம் திகதி எதிர்க்கட்சி உறுப்பினர் எஸ்.எம். மரிக்காரின் வினாவுக்குப் பதிலளித்த பிரதமர் மஹிந்த ராஜபக்‌ஷ, நல்லடக்கத்துக்கு அனுமதி வழங்கப்படும் என்றார். நாடெங்கும் முஸ்லிம் இல்லங்கள் ஆறுதலடைந்தன. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் அதனை வரவேற்றுச் செய்தி வெளியிட்டார். ஆயினும் மறுநாளே நிபுணர் குழுதான் முடிவெடுக்க வேண்டுமென அரச தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. நாட்டின் பிரதமர் சபையில் அளித்த பதில் ஒரு நாள் கூட நிலைக்கவில்லை. தகனங்கள் தொடர்ந்தன.

அனுமதி எப்போது கிடைத்தது? அம்மாதம் 23 ஆம் திகதி இம்ரான் கான் கொழும்பு வந்தார். பாராளுமன்றத்தில் அவர் ஆற்றுவதாக இருந்த உரை அதற்கு முன்னரே இரத்துச் செய்யப்பட்டிருந்தது. அவர் நாடு திரும்பிய மறுநாள், 25 ஆம் திகதி, திருத்திய வர்த்தமானி வெளியாயிற்று. ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் கொழும்புக்குத் தேவைப்பட்டன. மார்ச் 23 ஆம் திகதி அத்தீர்மானம் 22 வாக்குகளால் நிறைவேறியபோது எதிர்த்து வாக்களித்த 11 நாடுகளுள் பாகிஸ்தானும் பங்களாதேஷும் இருந்தன. இலங்கையின் சட்டசபைக்கு அளித்த வாக்கைவிட ஜெனீவாவின் வாக்குக் கணக்கு கனமாக இருந்தது என நாம் முடிவு செய்தால் அதை மறுப்பது எளிதல்ல.

அதன் பின்னரும் அலைக்கழிப்பு ஓயவில்லை. நல்லடக்கத்துக்கென முதலில் தெரிவு செய்யப்பட்ட இடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. கடற்படையினர் வசமிருந்த தமது தீவுக்கு நீண்டகாலம் போராடித் திரும்பிய கத்தோலிக்கத் தமிழ் மீனவ மக்களின் வாழ்விடம் அது. இரு சிறுபான்மைச் சமூகங்களை ஒரு புதைகுழியின் இரு கரைகளில் நிறுத்தும் அந்த ஏற்பாட்டைத் தமிழ் மக்களும் எதிர்த்தனர். முஸ்லிம் தரப்பும் ஏற்கவில்லை. இறுதியில் மார்ச் 5 ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. பின்னாளில் அங்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், ஏனைய சமயத்தவர் சிலரும் உட்பட, அடக்கம் செய்யப்பட்டனர். கட்டாயத் தகனத்துக்காக 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட உடல்களின் உறவினர்களுக்கு அது எவ்வளவு தூரம் ஆறுதலளித்தது என்பதை அவர்களே சொல்ல வேண்டும்.

பிரதமர் பொய்யுரைத்தார் என நாம் கூறவரவில்லை. அவர் அனுமதிக்க விரும்பியிருக்கக்கூடும். ஆனால், அவரது பதிலை நிறைவேற்ற வேண்டிய அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. 2020 ஒக்டோபரில் நிறைவேறிய 20 ஆவது திருத்தம் அந்த அதிகாரத்தை ஜனாதிபதியின் கையில் குவித்திருந்தது. (அத்திருத்தத்துக்குக் கையுயர்த்தியோருள் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் அடங்குவர் என்பதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது.)

பாதுகாப்பு விடயத்தில் இந்தக் கோணல் மேலும் ஆழமானது. 1978 ஆம் ஆண்டு யாப்பின் கீழ் ஜனாதிபதி பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூற வேண்டியவர். சபைக்கு வரவும் உரையாற்றவும் உரித்துடையவர். ஆனால் அவர் சபை உறுப்பினர் அல்லர். பாதுகாப்பு அமைச்சோ பெரும்பாலும் அவரிடமே இருந்து வந்துள்ளது. 2015 இன் 19 ஆவது திருத்தம் ஜனாதிபதி அமைச்சுப் பொறுப்பு வகிப்பதைக் கட்டுப்படுத்தியபோதும், மைத்திரிபால சிறிசேன பாதுகாப்பை வைத்திருக்க விதிவிலக்கு அளித்தது. 2022 இன் 21 ஆவது திருத்தமும் அந்த விடயத்தை ஜனாதிபதியிடமே விட்டது. ஆகவே, பாதுகாப்புப் பற்றிய வினாவுக்கு விடையளிக்க எழுபவர் பிரதமராகவோ, இராஜாங்க அல்லது பிரதி அமைச்சராகவோ, சபை முதல்வராகவோ இருப்பார். அவரது கையில் இருப்பது வேறொருவர் தயாரித்த தாள். குறுக்கு வினா ஒன்று எழுந்தால் அந்தத் தாளுக்கு அப்பால் அவரால் செல்ல முடிவதில்லை.

போர்க்காலத்தில் இதன் விலை என்னவாக இருந்தது என்பதை வன்னி மக்கள் அறிவர். லக்‌ஷ்மன் கதிர்காமர் கொலையுண்டதைத் தொடர்ந்து 2005 ஓகஸ்டில் பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகால நிலை 2011 ஓகஸ்ட் வரை நீடித்தது. அதற்காக மாதந்தோறும் சபையில் விவாதமும் வாக்கெடுப்பும் நடந்தன. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அந்த விவாதங்களில் இழப்புகளின் எண்ணிக்கையை வாசித்துச் செல்வார். ஆனால், முற்றுகைக்குள் எத்தனை பொதுமக்கள் இருக்கின்றனர் என்ற கேள்விக்கு 2009 இன் தொடக்கத்தில் அரசாங்கம் கூறிவந்த எண் 70 ஆயிரத்தை அண்மித்தது. போர் முடிந்தபோது வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகம். எத்தனை பேருக்கு அரிசியும் மருந்தும் அனுப்பப்பட வேண்டும் என்பது அந்த எண்ணைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது.

சோதிக்கப்படாத கூற்று வேறொரு விதத்திலும் தீங்கு செய்யும். 2016 நவம்பர் 18 ஆம் திகதி அப்போதைய நீதியமைச்சர் விஜயதாச ராஜபக்‌ஷ, இலங்கை முஸ்லிம்கள் 32 பேர் ஐ.எஸ். அமைப்பில் இணைந்திருப்பதாகவும் அவர்கள் படித்த, வசதிபடைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் எனவும் சபையில் தெரிவித்தார். ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகத்துக்குள் தள்ளும் கூற்றென முஸ்லிம் அமைப்புகள் கண்டித்தன. அந்தக் கண்டனம் இயல்பானதே. ஏனெனில், பொது பல சேனாவின் பிரசாரத்தையும் 2014 இன் அளுத்கம வன்முறையையும் அச்சமூகம் கண்டிருந்தது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி குண்டுகள் வெடித்து 250 இற்கும் மேற்பட்டோர் பலியான பின்னர், "அன்றே சொன்னார்" எனச் சிலர் அந்தக் கூற்றைத் தூக்கிப்பிடித்தனர்.

இரு தரப்பினரும் தவறவிட்டது ஒன்றுண்டு. அந்த 32 என்ற எண் எங்கிருந்து வந்தது, அவர்களில் எத்தனை பேர் நாடு திரும்பினர், புலனாய்வுத்துறை அதன் பேரில் என்ன செய்தது என்பவற்றை ஒரு குழுவின் முன் அமைச்சரை அமர்த்தித் தொடர்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், ஆதாரமற்ற பழியாயின் அது அன்றே கலைந்திருக்கும். உண்மையாயின் ஆபத்தானோர் சிலரும் அப்பாவிகளான இலட்சக்கணக்கானோரும் வேறுபடுத்தி அறியப்பட்டிருப்பர். சஹ்ரானின் குழுவைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். அவை கிடப்பில் போடப்பட்டன. மே மாதத்தில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்தவர்களோ அந்தக் குழுவோடு எவ்விதத் தொடர்பும் அற்றவர்கள்.

சபையால் எதுவும் ஆகாது எனச் சலித்துக்கொள்வோருக்கு அதே ஆண்டின் தெரிவுக்குழுவை நாம் நினைவூட்டுவோம். பிரதி சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமையில் அமைந்த அக்குழு பெரும்பாலான சாட்சியங்களை ஊடகங்களின் முன்னிலையில் பெற்றது. ஜனாதிபதி சிறிசேன கடுமையாக எதிர்த்தபோதும் பின்வாங்கவில்லை. முடிவில் அவரது வாக்குமூலத்தையும் பெற்றுக்கொண்டது. ஏப்ரல் 4 ஆம் திகதியே வெளிநாட்டுப் புலனாய்வு எச்சரிக்கை கிடைத்திருந்ததும், 2018 ஒக்டோபருக்குப் பின்னர் பிரதமர் பாதுகாப்புச் சபைக்கு அழைக்கப்படாதிருந்ததும் பொதுமக்களின் முன் அலசப்பட்டன. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தபோது, அந்த உண்மைகள் நாட்டுக்குப் புதியவையாக இருக்கவில்லை.

இதற்கு மாறான உதாரணமும் அருகிலேயே உண்டு. தேசிய பாதுகாப்புக்கான துறைசார் மேற்பார்வைக் குழு 2020 பெப்ரவரியில் சபையில் முன்வைத்த அறிக்கையின் பரிந்துரைகளில் புர்காவைத் தடை செய்வதும் ஒன்றாக இருந்தது. எச்சரிக்கைக் கடிதங்கள் மேசைகளில் உறங்கியதற்கும் பெண்களின் உடைக்கும் என்ன தொடர்பு என்பது நமக்கு விளங்கவில்லை.

அமைச்சர்கள் சபையில் அளிக்கும் உறுதிமொழிகள் நிறைவேறினவா எனப் பின்தொடர்வதற்கென்றே இந்திய மக்களவையில் 1953 முதல் ஒரு குழு இயங்குகின்றது. "ஆவன செய்யப்படும்" என்று கூறிய அமைச்சு, செய்ததை அக்குழுவுக்குக் காட்ட வேண்டும். அங்கும் குறைகள் உண்டு. ஆயினும் பதில் ஒரு கடனாகக் கணக்கில் ஏறுகின்றது. இங்கு அந்தக் கணக்கை உறுப்பினர்களே வைத்திருக்க வேண்டியுள்ளது. வினாவை எழுப்பிய படம் பத்திரிகையில் வந்ததும் அடுத்த வினாவுக்குச் செல்லும் வழக்கம் நமது பிரதிநிதிகளிடமும் உண்டு. பிரதமரின் அந்த ஒரு வரிப் பதிலை ஒவ்வோர் அமர்விலும் மேசையில் வைத்துக் கேட்க 225 பேரில் எத்தனை பேர் ஆயத்தமாக இருந்தனர்?

கேட்பதற்கு ஒன்று இப்போதே கைவசம் உண்டு. 200,783 என்ற அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கையிலிருந்து இராணுவத்தின் ஆளணி 2024 இல் 135,000 ஆகவும் 2030 இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. முதல் தவணை கடந்துவிட்டது. குறைக்கப்பட்டோரில் வடக்கு, கிழக்கில் நிலைகொண்டிருந்தோர் எத்தனை பேர், அதனால் மூடப்பட்ட முகாம்கள் எவை, 2013 இல் வலிகாமம் வடக்கில் சுவீகரிப்பதாக அறிவித்தல் ஒட்டப்பட்ட 6,381 ஏக்கரில் எஞ்சியுள்ள காணிகள் எந்தத் திகதியில் உரியவர்களின் கைக்கு வரும் என்பவற்றை மாவட்ட வாரியாக, ஒரே வினாவில் கேட்கலாம். இரண்டு வாரகால அவகாசம் கோரப்பட்டால், பதினைந்தாம் நாள் அதே வினாவோடு மீண்டும் எழும்பலாம்.