படலையடியில் நின்ற நாய்

'நல்ல சாதி நாய்' என்றால் வன்னியிலும் அல்சேஷனும் பொமரேனியனுந்தான் பலருக்கு நினைவில் வரும். நம் வளவிற் காவல் கிடக்கும் ஊர்நாய்க்கு அந்த மதிப்பில்லை. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய 'பறையா நாய்' என்ற பெயரோ, தமிழ்ச் சாதிப் பெயரொன்றை இழிசொல்லாக்கியது. மனிதரையும் நாயையும் ஒருசேர அவமதித்த பெயர் அது.

எவரும் சோடி தெரிந்து பெருக்காமல், வெயிலும் பசியும் வடித்தெடுத்த இனம் இது. அயலாரை ஐயுறும்; வீட்டாரை விட்டகலாது. இரவில் யானை வயலுக்குள் இறங்கினால் முதலிற் குரைப்பதும் இதுவே.

2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை சனங்கள் இடம்பெயர்ந்தபோது, இவை படலையடியில் நின்றுவிட்டன. வீட்டார் போனபின் வீட்டு நாயே கட்டாக்காலியாயிற்று. இன்று நாய்த்தொல்லை பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்.

விசர்நாய்க்கடியின் அச்சம் நியாயமானதே. 1893ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாக்காலிகளைக் கொல்ல இடமளித்தது, நோய் ஒழியவில்லை. ஓர் ஊரின் நாய்களில் 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி ஏற்றினால் நோய் பரவாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரிற் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

வருடாந்தத் தடுப்பூசி, கருத்தடை, நிழல், ஒரு பிடி சோறு. நாள்முழுதும் சங்கிலியிற் கட்டாதிருத்தல். இவ்வளவே அதன் தேவை.

தறப்பாளின் கீழ் வாழ்ந்த எமக்கு, வீடிழந்த உயிரொன்றைக் கல்லெறிந்து விரட்ட எப்படி மனம் வரும்?