வேட்டைக் கால்சராய் யாருக்கு?

நம் நாட்டில் வேட்டையாடக் கூடாது என்று 1972-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ் வாங்கிச் சுடலாம் என்று அதில் மிச்சம் வைத்திருந்த கொஞ்ச நஞ்சத்தையும் 1991-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள். சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும் விஷம் வைப்பதும்கூட அந்தச் சட்டத்தின்படி வேட்டைதான். ஆனாலும் சீசன் தொடங்கிச் சாரல் விழ ஆரம்பித்ததும் நம் ஊர்க் கடைகளில் "ஹண்டிங் பேண்ட்" தொங்குகிறது. பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக அச்சடித்த துணி, தொடையிலிருந்து முழங்கால் வரை வரிசையாகப் பைகள். கடையில் கிடைக்காதவர்கள் செல்போனில் வரவழைக்கிறார்கள். எதை வேட்டையாடுவதற்கு என்றுதான் தெரியவில்லை. பேரருவிக்குப் போகிற வழியில் மிளகாய் பஜ்ஜியையும் நேந்திரம் சிப்ஸையும் தவிர இவர்கள் எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை. அதையும் பாதி நேரம் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது.

குற்றாலத்தில் வேட்டை என்றால் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருகிறவன் குறவஞ்சிச் சிங்கன். மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் அவனையும் நூவனையும் கண்ணியோடு பறவை பிடிக்க அனுப்பினார். அவனுக்கு எட்டு பை வைத்த கால்சராய் தேவைப்படவில்லை. இன்றைக்கு அவனே கண்ணியோடு மலையேறினால் உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். தூக்கிப் போடுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தெற்கே களக்காடு முண்டந்துறை, 1988-லிருந்து புலிகள் காப்பகம். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை, 2021-இல் காப்பகமானது. இரண்டுக்கும் நடுவே நம்முடைய மலை. இந்த மலை முழுக்க மழையிலும் வெயிலிலும் நடக்கிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். மலையடிவாரத்துப் பிள்ளைகள், அவர்களில் பளியரும் காணிக்காரரும் உண்டு. பலருக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது, தொகுப்பூதியம்தான். கண்ணிக் கம்பியைத் தேடி அறுப்பது, முகாமில் தங்கி ரோந்து போவது, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, தீப்பிடித்தால் முதலில் ஓடுவது எல்லாம் அவர்கள்தான். வேட்டைக்கென்று உலகத்தில் எவனாவது ஒரு நல்ல கால்சராய் தைத்திருந்தால் அது போய்ச் சேரவேண்டிய கால்கள் இவர்களுடையவை. அருவிக்கரையில் செல்பி எடுக்கிற கால்கள் அல்ல.

உடனே என் வயதுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். "அந்தக் காலத்தில் நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேனருவி வரை போகவில்லையா? இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" போனோம் ஐயா. விடியக் கிளம்பி, தேனருவியில் குளித்து, கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்றுவிட்டு, பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்து வெந்நீரில் குளித்தோம். வீட்டில் உலர்ந்த வேட்டி இருந்தது. மலையிலேயே தங்குகிறவனுக்கு எங்கே உலர்ந்த துணி? ஆடி மாதம் நம் வீட்டு மச்சிலேயே கொடியில் போட்ட துண்டு மூன்று நாளானாலும் பிசுபிசுக்கிறது. முகாமில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் மறுபடியும் அதே ஈரத்தை மாட்டிக்கொண்டு நடந்தால் தொடையிடுக்கு உரசிப் புண்ணாகும், படர்தாமரை பிடிக்கும். அந்த அரிப்பை வெளியில் சொல்லவும் கூச்சம். இது வெறும் உடை விஷயம் அல்ல, உடம்பு விஷயம்.

சரி, எந்தத் துணி? இதில்தான் கடைக்காரர்களோடு எனக்குச் சண்டை. போன சீசனில் ஒரு கடையில் சும்மா விலை கேட்டேன்.

"இது வாட்டர் புரூஃப் சார். சொட்டுத் தண்ணி உள்ள இறங்காது."

"வெளித் தண்ணி உள்ளே இறங்காது சரி. உள்ளே ஊறுகிற வேர்வை எப்படித் தம்பி வெளியே போகும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் கேள்வி நியாயமானது. துணியின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு பூசினால் மழை நிற்கும், வேர்வையும் நிற்கும். ஒரு மணி நேரம் ஏற்றத்தில் நடந்தால் மழையில் நனைந்தவனும் இவனும் ஒன்றுதான். விலை உயர்ந்த வகை ஒன்று இருக்கிறது. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து நுண்துளைச் சவ்வாக்கினார், அதுதான் கோர்டெக்ஸ். நீர்த்துளி நுழையாது, ஆவி வெளியேறும். நல்ல கண்டுபிடிப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால் உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கவேண்டும். குளிர்ந்து காய்ந்த நாட்டில் அது நடக்கும். ஆனி, ஆடியில் செண்பகாதேவிக்கு மேலே காற்றே நனைந்துதான் வீசுகிறது. ஆவி எங்கே போகும்? அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது ஜீன்ஸ். மலையேறுகிற இளைஞர்களில் பாதிப்பேர் அதில்தான் வருகிறார்கள், "முரட்டுத் துணி, கிழியாது" என்று. நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். கால்சராய்க்குப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல் "பாந்தலோன்". பிரான்சில் நீம் என்று ஓர் ஊர் (வேப்பமரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை), அந்த ஊர்த் துணி என்று பொருள்படும் "தெ நீம்"தான் டெனிம் ஆயிற்று என்பார்கள். ஜெனோவா நகரத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் "ழேன்", அதிலிருந்து ஜீன்ஸ். பெருமை முழுவதும் அவர்களுக்கும் போகவேண்டியதில்லை. டங்கரி என்கிற முரட்டுத் துணியின் பெயர் பம்பாயின் டோங்ரியிலிருந்து போனது. எங்கள் புதுச்சேரிப் பக்கத்து நீலத் துணி ஒரு காலத்தில் கப்பலேறி செனகல் வரை விற்றது. இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். டெனிம் முழுப் பருத்தி, அதுவும் தடித்த பருத்தி. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. மழையில் நனைந்த ஜீன்ஸை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், ஈரச் சாக்குப் போல இருக்கும். முழங்கால் மடங்காது. பாறையில் கால் எட்டிவைக்கத் துணி விடாது. காய்வதற்கு அடுத்த வெயில் வரவேண்டும். கிழியாது என்பது உண்மை. சாக்குகூடத்தான் கிழியாது.

நான் சொல்வது நம் தலைமுறைக்குப் பழகிய டெரிகாட்டன். பாலியஸ்டர் மூன்றில் இரண்டு பங்கு, பருத்தி ஒரு பங்கு, நெருக்கமாக நெய்த சாய்வரி டிரில். நனையும். நனையாத கால்சராய் நம் மலைக்குக் கிடையாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நனைந்தால் சீக்கிரம் காயவேண்டும், அதுதான் கணக்கு. பிழிந்து உதறி மாட்டிக்கொண்டு நடந்தால் உடம்புச் சூட்டிலேயே பாதி காய்ந்துவிடும். முள்ளுக்கும் தாங்கும். மழைக்கு மேலே போர்த்திக்கொள்ள ஒரு நீளமான மழைக்கோட்டு தனியாக.

ஆனால் அதே டெரிகாட்டனைப் பங்குனியில் போட்டுக்கொண்டு காட்டுத்தீயை அணைக்கப் போகக் கூடாது. பாலியஸ்டர் சுமார் 255, 260 டிகிரியில் உருகும். உருகித் தோலில் ஒட்டும், ஒட்டியதைப் பிய்த்தால் தோலோடு வரும். பருத்தி கருகும், சாம்பலாகும், உருகாது. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் தீ என்ன செய்தது என்று எல்லோரும் படித்தோம். மலையேறப் போன பிள்ளைகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அங்கே துணியால்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. தீக்குப் பக்கத்தில் நிற்கிறவன் உடுத்தவேண்டிய துணி வேறு என்று சொல்கிறேன். ஆகவே மழைக்கு ஒன்று, கோடைக்குத் தடித்த முழுப் பருத்தி டிரில் ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சீருடை எடுப்பதுபோல, வருடம் முழுவதற்கும் ஒரே துணியில் இரண்டு செட் என்று கணக்குப் போடுவது மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் கணக்கு.

திட்டுத் திட்டு அச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிளாவுக்கும் மானுக்கும் காட்டுமாட்டுக்கும் கண்ணில் நிறம் நம்மைப்போல் பிரிவதில்லை. சிவப்பும் ஆரஞ்சும் அவற்றுக்குப் பச்சையோடு பச்சையாகக் கலந்துவிடும். புலியே ஆரஞ்சு நிறத்தில்தானே திரிகிறது, பட்டினியா கிடக்கிறது? வேட்டை இன்னும் சட்டப்படி நடக்கிற அமெரிக்காவில் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குப் போகிறவன் பளிச்சென்ற ஆரஞ்சு அணிந்தே தீரவேண்டும். மானுக்குத் தெரியாது, இன்னொரு துப்பாக்கிக்காரனுக்குத் தெரியும். பிரான்சிலும் கூட்டமாகப் போகும் வேட்டையில் ஒளிரும் மேலாடை கட்டாயம். விலங்குக்கு நம்மைக் காட்டிக்கொடுப்பது வாசனையும் ஓசையும்தான். அந்த "ஹண்டிங்" நைலான் இரண்டு தொடையும் உரசி நடந்தால் சரக் சரக்கென்று ஓடைக்கு அந்தப்புறம் வரை கேட்கும். கண்ணி வைக்கிறவனைச் சத்தமில்லாமல் நெருங்கவேண்டிய காவலருக்கு இதைவிடப் பெரிய துரோகி வேண்டாம். பட்டாளத்துக்காரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அந்த மாதிரி உடுத்துவது பழைய தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவில் குற்றமாகவே இருந்தது என்பதையும் பேரனிடம் சொல்லிவையுங்கள். மண் நிறம் வேண்டுமென்றால் காக்கி போதும். காக்கி என்றாலே தூசு நிறம் என்றுதான் பொருள். 1840-களில் பெஷாவர் பக்கம் லம்ஸ்டன் என்ற அதிகாரி தன் படைக்குக் கொடுத்தது, இன்னும் அதைவிடச் சிறந்ததாக எவரும் கண்டுபிடித்துவிடவில்லை.

இனி, கொள்முதல். நான் வேலை பார்த்த அலுவலகங்கள் ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஸ்டோர் பிரிவில் இருந்தேன். வெளிவேலை ஆட்களுக்குச் சீருடைத் துணி வாங்க விலைப்புள்ளி கோருவார்கள். விவரக்குறிப்பில் இருந்தது இரண்டே வார்த்தை: காக்கி நிறம், நல்ல தரம். குறைந்த விலைக்காரர் கொண்டுவந்து இறக்கினார். மூன்று மாதத்தில் முழங்கால் வெளுத்தது, ஐந்தாவது மாதம் கவட்டில் பிரிந்தது. மூன்று மடங்கு நாள் தாங்குகிற துணி இரண்டு மடங்கு விலை என்றால் அதுவே மலிவு என்று கூட்டிப் பெருக்கிக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கோப்பு "பேசவும்" என்று திரும்பி வந்தது. பேசினேன். "விலை குறைந்தவருக்குத்தான் கொடுக்க முடியும், தணிக்கையில் கேட்பார்கள்" என்றார்கள்.

இந்த ஒரு பதிலைத்தான் நான் இன்றுவரை எதிர்க்கிறேன். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அந்தச் சட்டமும் சரி, அதற்கு முந்திய நடைமுறையும் சரி, மட்டமானதை வாங்கச் சொல்லவில்லை. நாம் கேட்ட பொருளைக் குறைந்த விலைக்குக் கொடுப்பவரிடம் வாங்கு என்றுதான் சொல்கிறது. என்ன பொருள் என்று எழுதவேண்டியது நாம். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம், இத்தனை பங்கு பாலியஸ்டர், சாயம் இத்தனை சலவைக்கு நிற்கவேண்டும், தையல் நூல் பாலியஸ்டர், முழங்காலிலும் இருக்கையிலும் இரட்டைத் துணி, ஜிப் இரும்பில் அல்ல பித்தளையில் என்று எழுதிவிட்டுப் பிறகு விலையைப் பிரித்துப் பாருங்கள். எந்தத் தணிக்கைக்காரர் கேட்பார்? எழுத அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குச் சோம்பல்பட்டுக்கொண்டு சட்டத்தின் மேல் பழி போடுகிறார்கள்.

எழுதுவதற்கு முன் அணிகிறவனைக் கேட்கவேண்டும், அதுவும் நடப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு காவலர் பையன் சொன்னான்: "பெரியப்பா, பை அத்தனை வேண்டாம், மழையில அதுல தண்ணி நிக்குது. கவட்டுல மட்டும் கொஞ்சம் துணி தாராளமா விட்டுத் தைக்கச் சொல்லுங்க." கவட்டில் நாலு தையலும் ஒரே புள்ளியில் கூடினால் பாறை ஏறும்போது அங்கேதான் பிரியும். அந்த இடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் பிரியாது. நம் தென்காசித் தையற்காரர்கள் அத்தனை பேருக்கும் கைவந்த வேலை. எந்தப் பிராண்டும் வேண்டாம்.

கடைசியாக அட்டை. நாங்கள் படித்த பாடத்தில் "சாங்சூ" என்று அதற்குப் பெயர், வைத்தியத்துக்கு வளர்த்த பிராணி என்று மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மழைக்காலத்தில் செருப்புப் போட்ட காலோடு மேலே போனவர்களுக்கு அந்த மரியாதை இருக்காது. கடிக்கும்போதே இரத்தம் உறையாமல் இருக்க ஒரு திரவத்தை விட்டுவிடும், அது விழுந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். புகையிலைத் தண்ணீரும் சுண்ணாம்பும் தடவுவார்கள், மழை அதைப் பத்து நிமிடத்தில் கழுவிவிடும். புதரில் இருக்கிற உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் ஆஸ்பத்திரிதான். எவ்வளவு நல்ல கால்சராய் வாங்கிக் கொடுத்தாலும் அதன் கீழ்முனை திறந்து கிடந்தால் பயனில்லை.

பேரனுக்குப் பிறந்தநாளென்று அந்தத் திட்டுத் திட்டுச் சராய்க்குப் பணம் எண்ணி வைத்திருக்கிற நண்பர்கள் அதை இப்படிச் செலவு செய்யலாம். நெருங்கிய நெசவுக் காடாத் துணி வாங்குங்கள். பாதம் முழுவதும் மூடி, முழங்கால் வரை வரும்படி, கால்சராயை உள்ளே விட்டுக் கட்டுகிற உறை ஒன்று. மேலே சுருக்கு நாடா, கணுக்காலில் இன்னொரு நாடா. தையல் வெளிப்பக்கம் வரட்டும், உள்ளே வந்தால் விரலை அறுக்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி, ஒன்று காயும்போது ஒன்று போட. அளவு எடுக்க வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, காவலர்கள் கீழே இறங்கி வருகிற நாளில் போங்கள். சாரல் தொடங்குவதற்கு முன்பே, வைகாசியிலேயே.