தோணிக்காரனுக்குக் கக்கூஸ் எதுக்கு?

எங்க புதியம்புத்தூரில் தையல் மிஷின் சத்தம் கேட்காத தெரு இல்லை. தைக்கப் போகாதவன் தூத்துக்குடிக்குப் போகிறான். உப்பளம், லாரி, சிலபேர் பழைய துறைமுகத்துத் தோணி. காய்கறி, சிமெண்டு, கல் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற மரத்தோணி. சரக்கு எத்தனை டன் என்று கேட்க ஆள் இருக்கிறது. அதில் போகிறவன் எங்கே வெளிக்கிருக்கிறான் என்று கேட்க நாதியில்லை.

நான் பார்த்த தோணிகளில் பின்பக்கம் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு பலகைப் பெட்டி. அதுதான் கக்கூஸ். கீழே கடல், பிடித்துக்கொள்ளக் கயிறு. "ராத்திரி அலையில உக்காந்தா பீ போகுமா உசுரு போகுமான்னு இருக்கும்ணே" என்றான் எங்க தெருப் பையன். கொண்டுபோகிற நல்லதண்ணி குடிக்கவும் பொங்கவும்தான். குளிப்பது உப்புத்தண்ணி, மேலெல்லாம் சொறி. வயிற்றாலே போனால் அவன் பாடு அவனோடு.

சட்டம் இல்லையா? இருக்கிறது தோழர்களே. 2006இல் ஜெனிவாவில் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை போட்டார்கள். 2015இல் இந்தியாவும் ஏற்றது. ஆறு பேருக்கு ஒரு கக்கூஸ், ஒரு கைகழுவும் தொட்டி, ஒரு குளியல் வசதி என்று அதில் எழுதியிருக்கிறது. அதே உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவிலேயே, பாரம்பரிய முறையில் கட்டிய கலங்களுக்கு இது பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. இரும்புக் கப்பலில் போகிறவனுக்குக் கக்கூஸ். மரத்தோணியில் போகிறவனுக்குப் பாரம்பரியம்!

இந்தப் பாரம்பரியம் என்ற வார்த்தை நமக்குப் புதுசா? ஊர்க் கிணத்தில், டீக்கடைக் கிளாஸில் இதைத்தானே சொன்னார்கள். ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906இல் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததை ஆண்டுக்கு ஒருதரம் மாலை போட்டுப் பேசுகிறவர்கள், இன்றைக்கு அதே கடலில் போகிறவனின் குண்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் கால்வாய்ச் சரக்குப் படகுகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். சின்ன வயசில் செங்கல் சூளையில் வேலைபார்த்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் அவர்களுக்காகக் கத்தினார். 1877இல் சட்டம் வந்தது. படகு அறையும் மனுசன் வாழ்கிற இடம், அதைப் பதிவு செய், இத்தனை பேருக்குத்தான் இடம் என்று சொன்னது. அவையும் பழைய மரப்படகுகள்தான். பாரம்பரியம் குறுக்கே நிற்கவில்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை நாமதான் பேசணும். தோணியில் மூடிய கக்கூஸ் வைத்தால் கீழே தொட்டி வரும். கரைக்கு வந்ததும் அதைக் காலி பண்ணுவது யார்? வாளியோடு யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். மனிதக் கழிவை மனிதன் அள்ளக்கூடாது என்று 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். அதற்கப்புறமும் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்கள் யார் பிள்ளைகள்? தோணிக்காரனுக்குக் கக்கூஸ் வேண்டும், அதற்காக நம்ம ஆள் குழிக்குள் இறங்கவும் கூடாது. துறைமுகத்தில் பம்பு வைத்து உறிஞ்சட்டும். கூடவே தளத்தில் தண்ணி வசதியோடு கக்கூஸும் குளியலறையும் கட்டட்டும்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தோணிகள் ஓடாமல் கட்டிக் கிடக்கும். ஓட்டை அடைத்து, மராமத்துப் பார்ப்பது அப்போதுதான். நாலு பக்கம் அடைத்த கக்கூஸும் நல்லதண்ணித் தொட்டியும் அந்த மராமத்தோடு சேரட்டும். இல்லாத தோணிக்குக் கடலோடத் தகுதி என்று சான்று கொடுக்காதே என்று அதிகாரிகளிடம் கேட்போம். தோழர்கள் முதலில் பழைய துறைமுகத்துக்குப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.