தகரக் கொட்டகையில் கோழி வளர்க்கலாமா?

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருத்தர் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். வீட்டுக்குப் பின்னாடி பழைய சாமான் போட்டு வைக்கிற தகரக் கொட்டகை. "இதைக் காலி பண்ணி பத்து நாட்டுக்கோழி விடலாம்னு இருக்கேன். கதவு இருக்கு, பூட்டு இருக்கு, நாய் வராது. போதும்தானே?"

போதாதுங்க. அந்தப் பூட்டுதான் எனக்குப் பயமே.

எங்க கிணத்துமேட்டுல உரமூட்டை அடுக்கறதுக்கு இதே மாதிரி ஒரு கொட்டகை இருந்துச்சு. நாலு பக்கமும் தகரம், மேலயும் தகரம். அதைக் கழுவி கோழிக்கூடா மாத்தினேன். தை, மாசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சித்திரையில ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். அப்போ கீரித் தொல்லை அதிகம். அதனால கோழிகளை உள்ளே விட்டு கதவைச் சாத்திட்டுப் போனேன். திரும்பி வரும்போது மணி மூணு. பதினாலு கோழியில ஒன்பது வாயைப் பிளந்து கிடந்துச்சு. சட்டியில தண்ணி அப்படியே இருந்தது, கை வைக்க முடியாத சூட்டுல. நோய் இல்லை, கீரி இல்லை. நான்தான்.

அம்மா திட்டலை. "பஞ்சாரத்தைப் போட்டு வேப்பமரத்தடியில கவுத்திருந்தா காத்தாவது பட்டிருக்கும்"னு மட்டும் சொன்னாங்க.

கோழிக்கு வேர்க்காது. அதோட உடம்புச் சூடே சாதாரணமா 41 டிகிரி இருக்கும். வாயைத் திறந்து இரைச்சுத்தான் சூட்டை வெளியே தள்ளணும். அதுக்குக் காத்து ஓடணும். காத்தே இல்லாத தகரப் பெட்டிக்குள்ள அது எவ்வளவு இரைச்சும் பிரயோசனம் இல்லை.

அப்புறம்தான் கொட்டகையை வெட்டினேன். நீளவாக்குல இரண்டு பக்கமும், கீழே ஒன்றரை அடி விட்டுட்டு மேலே இருந்த தகரம் முழுசும் எடுத்தாச்சு. சாரலுக்கு அந்த ஒன்றரை அடி போதும். திறந்த இடத்துல அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் அடிச்சேன். அறுகோணக் கண் வெச்ச மெல்லிசு கோழிவலை விலை குறைவுதான். ஆனா கோழி வெளியே போகாம இருக்கத்தான் அது உதவும். கீரியும் பாம்பும் உள்ளே வராம இருக்க உதவாது. கூரை மேல தென்னங்கீத்து வேய்ஞ்சு, வெயில் காலத்துல மதியம் இரண்டு குடம் தண்ணி தெளிக்கிறேன். தரையில நாலு விரக்கடை உமி. அடிக்கடி கிளறி விடணும். ஈரமாகிட்டா கண்ணு எரியிற மாதிரி நெடி வரும். மூடின தகரக் கொட்டகையில மார்கழிப் பனிக்கும் இதே கதைதான். உள்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டா உமி மேல விழும்.

இவ்வளவு செஞ்சும், அது ராத்திரி தங்கற இடம் மட்டும்தான். பகல்ல கோழி மரத்தடியில கிளறணும். கதவைச் சாத்திட்டு ஆபீஸ் போயிட்டு ராத்திரி வந்து முட்டை எடுக்கலாம்னு நினைக்கிறவங்க, கோபிச்சுக்காதீங்க, கடையிலேயே முட்டை வாங்கிக்கலாம்.

நண்பர்கிட்ட எல்லாம் சொன்னேன். பக்கத்துத் தகரத்தை வெட்டினா பார்க்க நல்லா இருக்காதேன்னு இழுக்கிறார். ஒருநாள் மதியம் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திட்டு பத்து நிமிஷம் உள்ளே நின்னு பாருங்கன்னு சொல்லியிருக்கேன். இன்னும் பதில் வரலை.